‘எப்படி இருந்தது?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

மதுரையில் எங்கள் சினிமாக் குழு படம் பார்க்கும் மாடி அறை. திரை முழுக்க இருட்டு. இசை மட்டும் கனத்து, இறங்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் போனது. அதற்கு மேலும் படம் வராததால் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து போய் புரொஜெக்டர் வயரை அசைத்துப் பார்த்தார். இன்னொருவர் லேப்டாப் பக்கம் குனிந்தார். “ஒண்ணும் ஆகலை, படமே அப்படித்தான், உக்காருங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் வெயிலில் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்துவிட்டது. அந்த இருட்டு எதற்காக வைக்கப்பட்டதோ அது எங்கள் அறையில் நடக்கவே இல்லை.

அது ஜொனாதன் கிளேசர் இயக்கிய ‘தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. 2023இல் வந்தது. நாஜிகள் யூதர்களைக் கொன்று எரித்த அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ், முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் மனைவி, குழந்தைகளோடு வாழ்ந்த வாழ்க்கை. மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேமரா காட்டாது. எல்லாவற்றையும் காதால்தான் கேட்க வேண்டும். உலையின் இரைச்சல், நாய்க் குரைப்பு, துப்பாக்கிச் சத்தம், யாரோ கத்துவது என எல்லாமே தூரத்திலிருந்து வரும். ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம் அது.

எங்கள் அறையில் மேலே 4 மின்விசிறிகள். மதுரையில் மே மாதம். கம்ப்யூட்டருக்கு வைக்கும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். படம் முடிந்ததும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: “ஒரு குடும்பம் தோட்டம் போடுது, சாப்பிடுது, குளிக்கப் போகுது. என்னதான் நடந்துச்சு?” நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டேன். இவர்களுக்கு இந்தப் படமெல்லாம் பிடிபடாது போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த நினைப்புக்காக இன்றும் வருந்துகிறேன்.

இரண்டு நாள் கழித்து மைக் செட் அண்ணன் போன் செய்தார். கல்யாணம், கோயில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர், எங்கள் குழுவில் முதல் கூட்டத்திலிருந்து இருப்பவர். “தம்பி, படத்துல தப்பில்ல. சத்தமே நமக்கு வரலை. ஃபேன் காத்து எல்லாத்தையும் தின்னுருச்சு. டிசம்பர்ல போடுங்க, நான் ரெண்டு பாக்ஸ் கொண்டாறேன்” என்றார். டிசம்பரில் மறுபடி போட்டோம். மின்விசிறியை அணைத்தோம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். அந்த இருட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை. தளபதியின் மாமியார் விருந்தாளியாக வந்து தங்குவார். ஒரு ராத்திரி ஜன்னல் வழியே உலையின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவார். மே மாதம் “அந்தம்மா ஏன் போச்சு?” என்று கேட்டவர்களே டிசம்பரில் அந்தக் காட்சி வருவதற்கு முன்பே “எப்படி இங்க தூங்குறாங்க?” என்று முணுமுணுத்தார்கள்.

சிறிய ஊரில் சினிமாக் குழு தொடங்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் படத்தைப் போடலாம் என்பதைத்தான். நான் ஸ்பீக்கரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். புரொஜெக்டர் சுமாராக இருந்தாலும் மனிதர்கள் பார்த்துவிடுவார்கள். ஒலி சரியில்லாவிட்டால் படம் அவர்களிடம் போய்ச் சேராது, பழி அவர்கள் ரசனை மேல் விழும்.

எங்கள் குழு சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தின் மாடியில் 2022இல் தொடங்கியது. 25 பிளாஸ்டிக் நாற்காலிகள். மாதத்தில் கடைசி ஞாயிறு. முதலில் மாலை 6 மணிக்கு வைத்தோம், பெண்கள் வரவில்லை. 3 மணிக்கு மாற்றியதும் வந்தார்கள். இதற்கு எந்தப் பெரிய விளக்கமும் இல்லை: ஆறரைக்கு வீட்டில் அடுப்பு பற்ற வேண்டும், எட்டரைக்குப் பிறகு பஸ் குறையும். நேரத்தை மாற்றியதோடு கூட்டத்தின் பேச்சே மாறியது.

முதல் ஓர் ஆண்டு ஒவ்வொரு படத்துக்கு முன்பும் நான் 20 நிமிடம் பேசுவேன். இயக்குநர் யார், பிரான்சின் கான் திரைப்பட விழாவில் என்ன விருது, எந்த விமர்சகர் என்ன சொன்னார் என்று எல்லாம் குறிப்பெடுத்து வந்து பேசுவேன். படம் முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்பேன். “நல்லாருந்துச்சு சார்.” “கொஞ்சம் ஸ்லோ.” “போட்டோகிராஃபி சூப்பர்.” அவ்வளவுதான் வரும். அப்புறம் படித்த மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டிருப்போம், மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். விருது வாங்கிய படம் என்று முன்பே சொல்லிவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் கேட்ட கேள்வியும் தீர்ப்பு கேட்கிற கேள்வி.

இதை மாற்றியது ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ போட்ட ஞாயிற்றுக்கிழமை.

விம் வெண்டர்ஸ் இயக்கியது, 2023இல் வந்தது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவும் ஹிராயாமா என்பவரின் நாட்கள். விடியற்காலையில் தெரு கூட்டும் சத்தத்தில் எழுவார், செடிக்குத் தண்ணீர் தெளிப்பார், மிஷினில் காபி டப்பா எடுப்பார், வேனில் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். மதியம் மரத்தடியில் உட்கார்ந்து இலைகளுக்கு நடுவே வரும் வெயிலைப் படம் எடுப்பார். கோஜி யாகுஷோவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது இந்தப் படத்துக்காகத்தான். அந்தக் கழிப்பறைகள் நிஜமானவை. பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்து 17 இடங்களில் கட்டியது ‘தி டோக்கியோ டாய்லெட்’ திட்டம். அதில் ஒன்று வண்ணக் கண்ணாடியில் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும், உள்ளே போய்த் தாழ் போட்டதும் உள்ளே தெரியாதபடி கண்ணாடி மங்கிவிடும்.

படம் முடிந்ததும் அறை நெகிழ்ந்துபோயிருந்தது. தமிழாசிரியர் ஐயா, பணி ஓய்வு பெற்றவர், “போதுமென்ற மனம்” என்று ஆரம்பித்து அழகாகப் பேசினார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டு இப்படி வாழலாம் போல இருக்கிறது என்றார். எனக்கும் அதே மயக்கம்தான்.

கடைசி நாற்காலியில் பி.காம் படிக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் அம்மா மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்கள் கூட்டத்துக்கு அதற்கு முன் நான்கு முறை வந்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று யாரும் கேட்காமலே எழுந்தான்.

“அந்தச் சின்னப் பையன் கழிப்பறைக்குள்ள அழுதுட்டு இருப்பான்ல, அவரு கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வருவாரு. அவங்க அம்மா வந்ததும் என்ன பண்ணுச்சு, பாத்தீங்களா?”

யாருக்கும் நினைவில்லை. அவனே சொன்னான். அந்த அம்மா நன்றி சொல்லாமல், அவரைப் பார்க்காமல், பையனின் கையை ஈரத் தாளால் துடைப்பாள். அவர் பிடித்த கையை.

“எங்கம்மா டீ கேட்டா ஒரு வீட்ல தனி டம்ளர். ஜப்பான்லயும் அதே துடைப்புத்தான் போல” என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான். கூட வேலை செய்யும் இளைஞன் திடீரென்று வேலையிலிருந்து நின்றுவிட, ஹிராயாமா ஒரே நாளில் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பார். ராத்திரி ஆபீஸுக்குப் போன் செய்து, தினமும் இப்படி முடியாது என்று சத்தம் போடுவார். படம் முழுக்க அவர் கோபப்படும் இடம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். அடுத்த நாள் மாற்று ஆள் வந்து நிற்கும். “போன் பண்ணுனா ஆள் வருது. கையுறை, கண்ணாடி, வேன் எல்லாம் இருக்கு. அதெல்லாம் இருந்தா எங்கம்மாவும் மதியானம் மரத்தடில உக்காந்து மேல பாக்கும் சார்.”

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனைப் பார்த்து, “நான் பாதிப் படம்தான் பார்த்திருக்கேன் தம்பி” என்றார். நானும்தான்.

அடுத்த மாதம் மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். 2017இல் வந்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடை செய்து 1993லும் 2013லும் சட்டம் போட்ட நாட்டில் அந்த வேலை எப்படித் தொடர்கிறது என்று நேருக்கு நேர் காட்டும் படம். பலரால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ மோசமான படம் என்று யாரும் முடிவு கட்டவில்லை, இப்போதும் எனக்கு அது பிடித்த படம்தான். ஆனால் அதைத் தனியாகப் பார்ப்பது வேறு, ‘கக்கூஸ்’ பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. வெளிநாட்டுப் படம் ஒன்றைப் போடும்போது, அதே வேலையை, அதே சிக்கலைப் பேசும் நம்மூர்ப் படம் ஒன்றை அடுத்துப் போடும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

அன்றிலிருந்து கூட்டம் நடத்தும் முறையையும் மாற்றினோம். படத்துக்கு முன் பேச்சு கிடையாது, விருதுச் செய்தி கிடையாது. முடிந்ததும் முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த அல்லது கேட்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கருத்து சொல்லக் கூடாது. “அந்தப் பச்சைச் சட்டை”, “கதவு சாத்துற சத்தம்” என்று சொன்னால் போதும். 15 பேர் சொல்லி முடிக்க 10 நிமிடம் ஆகாது. ஆனால் அதற்குள் படம் மறுபடி ஒரு முறை அறைக்குள் ஓடிவிடும், பேசாதவர்களின் குரலும் திறந்துவிடும். இரண்டாவது சுற்றில், படத்தில் வரும் வேலையைச் செய்பவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் பேசுவார்கள். படத்தைப் பற்றி முன்பே படித்துவிட்டு வந்தவர்கள் கடைசி. நானும் கடைசி. டீ, பேச்சு முடிந்த பிறகுதான். நடுவில் டீ கொடுத்தால் பாதிப் பேர் டம்ளரோடு படி இறங்கிவிடுவார்கள்.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ படத்துக்கு இந்த முறை எவ்வளவு உதவியது என்று சொல்ல வேண்டும். ஷாஜி என். கருணின் ‘ஸ்வாஹம்’ 1994இல் போட்டியிட்டதற்குப் பிறகு, 30 ஆண்டுகள் கழித்து, 2024இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். அங்கே முதல் பரிசுக்கு அடுத்த பெரிய விருதான கிராண்ட் ப்ரீயும் வாங்கியது. மும்பையில் நர்ஸ் வேலை பார்க்கும் பிரபா, அனு என்ற இரண்டு மலையாளிப் பெண்கள், அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கும் பார்வதி. பிரபாவின் கணவன் ஜெர்மனியில் இருக்கிறான், போன் வருவதில்லை. ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வருகிறது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். பார்வதியிடம் வீட்டுக்கான காகிதம் இல்லை, அதனால் பில்டர் காலி செய்யச் சொல்கிறான்.

கடைசிப் பகுதிதான் எங்களைக் குழப்பியது. மூவரும் ரத்னகிரி பக்கம் பார்வதியின் கடலோர ஊருக்குப் போகிறார்கள். கடலிலிருந்து கரை ஒதுங்கிய ஒருவனுக்குப் பிரபா நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கிறாள். பிறகு ஓர் அறையில் அவன் அவளுடைய கணவனைப் போலவே பேசத் தொடங்குகிறான். அது கனவா, கற்பனையா, நிஜமா? ஐயா அந்த இடம் கதைக்கு ஒட்டவில்லை என்றார். மைக் செட் அண்ணனும் தலையாட்டினார்.

தனியார் ஆஸ்பத்திரியில் 18 வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா எங்கள் குழுவில் இருக்கிறார். அவரை முதலில் பேசச் சொல்லியிருந்தோம். “சி.பி.ஆர். கொடுத்து ஆள் பொழச்சுட்டா, நமக்குக் கை அரை மணி நேரம் நடுங்கும். அந்த நேரத்துல வாயில என்ன வரும்னே தெரியாது. நான் ஒருதடவை பேஷன்டோட காலைப் பிடிச்சுக்கிட்டு செத்துப்போன எங்கப்பாகிட்ட பேசுற மாதிரி பேசியிருக்கேன். அவ அந்த நடுக்கத்துலதான் புருஷன்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்றா. எனக்கு அந்த இடம்தான் படத்துலயே நிஜம்” என்றார். ரைஸ் குக்கரைப் பிரபா ராத்திரியில் தரையில் உட்கார்ந்து கட்டிப்பிடிக்கும் காட்சியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அதைப் பேச வேணாம்” என்றார். விட்டுவிட்டோம். நடத்துபவர் ஒருவரைப் பேசவைக்கத் தெரிந்திருப்பதைப் போலவே, விட்டுவிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐயா அக்கா சொன்னதைக் கேட்ட பிறகும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பகுதி வேறு படத்திலிருந்து வந்தது போலத்தான் இருக்கிறது என்றார். அதையும் நோட்டில் அப்படியே எழுதினேன். எங்களிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பிடிக்காதவர்கள் சொன்னதையும் எழுதி வைக்கிறோம்.

அகி கௌரிஸ்மாக்கியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 81 நிமிடப் படம், பின்லாந்து, இரண்டு ஏழைத் தனியர்களின் காதல். எல்லோருக்கும் பிடித்திருந்தது, எல்லோருக்கும் பிடித்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் தங்கச்சி ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது. கதாநாயகி அன்சா, தேதி முடிந்த உணவை எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்படுவாள். “தேதி முடிஞ்ச பிரெட்டை நாங்களே குப்பையில போட்டுட்டு, பசியோட பஸ் ஏறுவோம். ஃபின்லாந்துன்னா பணக்கார நாடுன்னு நெனச்சேன்” என்றாள்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’க்குத்தான் சண்டை. அவருடைய முதல் படமான ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி வெயிலில் எடுத்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பாறையும் தெரியும் வெயிலும் தெரியும் என்பதால் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, ஆகஸ்டில் இங்கே தியேட்டருக்கு வந்தது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முறைமாமன் பாண்டியும் சொந்தபந்தங்களும் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். கூடவே காலைக் கட்டிய ஒரு சேவல். பின்னணி இசையே கிடையாது. மீனா வாய் திறப்பதும் அபூர்வம்.

எங்களில் 12 பேர் ஒரே காட்சிக்குப் போனோம். முடிந்ததும் தியேட்டரிலேயே ஒருவர் “என்னடா முடிஞ்சிருச்சா?” என்று கத்தினார். வெளியே டீக்கடையில் நின்று பேசினோம். ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு முடிவு பிடிக்கவே இல்லை. “கடைசியில பாண்டி என்ன செஞ்சான்னு சொல்லணும்ல? காசு கொடுத்து வந்திருக்கோம்” என்றார். நர்ஸ் அக்கா, “அவன் என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணே, அதான் டைரக்டர் கேட்டுட்டு நிறுத்திட்டாரு” என்றார். ரொம்ப நேரம் போனது. நடுவில் அதே அண்ணன் சொன்ன ஒன்றை வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது: “என் வண்டிச் சத்தத்தை நான் படத்துல முழுசாக் கேட்டது இதுதான் முதத் தடவை. எப்பவும் பாட்டைப் போட்டு மூடிருவாங்க. மேட்டுல ஏறுறப்ப ஒரு மாதிரி, ஆள் இறங்குனதும் ஒரு மாதிரி, எல்லாம் கரெக்டா இருந்துச்சு.” முடிவு பிடிக்காதவர்தான் படத்தின் இசையைக் கேட்டவர். ஒருவரின் கருத்தை ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று இரண்டு பெட்டிக்குள் போட்டால் இதெல்லாம் கீழே விழுந்துவிடும்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் முதல் சில மாதங்கள் அதை யோசிக்கவே இல்லை. ஓடிடி சந்தாவும் டிவிடியும் வீட்டில் பார்ப்பதற்கானவை. டிக்கெட் இல்லை, இலவசம்தான் என்பதால் பொதுத் திரையிடல் சரியாகிவிடாது. ஒரு வக்கீல் நண்பர் சொன்ன பிறகு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினோம். எந்த ஊர், எத்தனை நாற்காலி, கட்டணம் உண்டா இல்லையா, எந்தத் தேதி என்று நான்கே வரி. சிறிய படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், சிலர் படம் முடிந்ததும் வீடியோ அழைப்பில் வந்து பேசவும் செய்வார்கள். பதிலே வராத படங்களுக்கு இன்னொரு வழி: அந்த மாதத்துக்குள் அவரவர் தியேட்டரிலோ வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தில் பேச்சு மட்டும். அதில் ஒரு நன்மை, வெவ்வேறு நாளில் பார்த்தவர்களுக்குப் படம் மனதில் கொஞ்சம் ஊறியிருக்கும்.

அடுத்தது எழுத்து. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க முடியாது, அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். வராமல் நின்றுவிடுவார்கள். அது புரியவே எனக்கு ஓர் ஆண்டு ஆனது. அனுமதி தந்தவர்களிடம் கேட்டு, முக்கியமான சில படங்களுக்கு நாங்களே தமிழ் வரிகள் செய்தோம். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும், படம் ஓட்டும் வி.எல்.சி. பிளேயரில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். கஷ்டம் அதில் இல்லை, மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக இருப்பது தமிழில் ‘போகவேண்டியிருக்கிறது’ என்று திரையின் பாதியை அடைக்கும். ஐயா முதலில் எழுத்துத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்றார். ஒரு படம் முழுக்க அப்படிச் செய்து பார்த்தோம். படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. “போகணும்” என்று மாற்றினோம். இப்போது பேச்சுத் தமிழில் மொழிபெயர்ப்பதே ஐயாதான், ஒரு வரிக்காக ராத்திரி 11 மணிக்குக் கூப்பிடுவார்.

அப்படி அவர் உழைத்த படங்களில் ஒன்று, வால்டர் சாலஸ் இயக்கிய ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’. 2025இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த காலம். 1971 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவாவை விசாரணைக்கு என்று வீட்டிலிருந்து அழைத்துப் போகிறார்கள். அவர் திரும்பவே இல்லை. மனைவி யூனிஸையும் பிடித்துப் போய் 12 நாள் வைத்திருந்து பிறகு விடுவிக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அவர் சட்டம் படித்து வக்கீலாகிறார். கணவரின் இறப்புச் சான்றிதழ் கையில் கிடைப்பது 1996இல், 25 ஆண்டுகளுக்குப் பிறகு.

முதல் சுற்றில் பலர் ஒரே காட்சியைச் சொன்னார்கள். பத்திரிகைக்குக் குடும்பப் படம் எடுக்க வருபவர் சிரிக்காமல் நிற்கச் சொல்வார். யூனிஸ் பிள்ளைகளிடம் “சிரிங்க” என்பார். அதைப் பற்றி நல்ல பேச்சு நடந்துகொண்டிருந்தது.

செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். மதுரைக்கு வெளியே ஈழ அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவன் முறை வந்தபோது, “அந்தச் சான்றிதழ் காகிதத்தைப் பிடிச்ச கை” என்று மட்டும் சொன்னான். இரண்டாவது சுற்றில் அவனைத்தான் முதலில் பேசச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அவனே தொடங்கினான். அவன் தாய்மாமா 1990இல் மன்னார்ப் பக்கம் பிடித்துப் போகப்பட்டவர். இன்றுவரை தகவல் இல்லை. அங்கே இருக்கும் உறவினர்கள், பதிவு செய்து காகிதம் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார்கள். அவன் அம்மா ஒத்துக்கொள்வதில்லை. “காகிதம் வாங்கினா தம்பி செத்துட்டான்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரின்னு அம்மா சொல்லும். இந்தப் படத்துல அவங்க அதை வாங்கிட்டுச் சிரிக்கிறாங்க. எனக்குப் புரியல. கோவமா வந்துச்சு. அப்புறம் புரியுற மாதிரியும் இருக்கு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டத்தைப் பற்றி ஐயா பேச வந்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அன்று கூட்டம் அதோடு முடிந்தது. நோட்டில் அவன் சொன்னதை மட்டும் எழுதினேன், அவனிடம் கேட்டுவிட்டு. இப்படி ஒருவர் தன் வீட்டுக் கதையைத் திறந்தால் அதற்கு மேல் படத்தைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்பதை அன்று முடிவு செய்தோம்.

அடுத்த மாதம் ‘ஃப்ளோ’. லாட்வியா நாட்டின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய அனிமேஷன் படம், 85 நிமிடம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு சின்னக் குழு செய்தது. லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். ஒரு கறுப்புப் பூனை, ஊரையே மூழ்கடிக்கும் வெள்ளம், ஒரு பாய்மரப் படகு. படகில் கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு, நாய், குரங்கு போன்ற லெமூர், நீண்ட கால் பறவை ஒன்று. ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. விலங்குகளின் குரல்கள் நிஜமானவை, கேபிபாராவுக்கு ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்கள். படிக்க வேண்டிய வரி ஒன்றும் இல்லாததால் வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தோம். 25 நாற்காலி போதாமல் அச்சகத்திலிருந்து காகிதக் கட்டுகளைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தார்கள்.

செல்போன் பழுது பார்க்கும் அந்தத் தம்பி அவன் அம்மாவை அழைத்து வந்திருந்தான். முன்வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். படம் ஓடும்போது குழந்தைகள் பூனை தண்ணீரில் விழுந்தால் கத்தினார்கள், ஏறினால் கைதட்டினார்கள். அவர் முன்னால் குனிந்து, முழங்காலில் கைவைத்து, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று. ஒரு சிறுமி “நாய்க்கு நாக்கு தொங்குச்சு” என்றாள். நர்ஸ் அக்கா, பூனை ஆரம்பத்தில் தண்ணீரில் தன் முகத்தை மட்டும் பார்க்கும், கடைசியில் அதே மாதிரி பார்க்கும்போது கூட மூன்று முகங்கள் இருக்கும் என்றார். மைக் செட் அண்ணன், மழை நின்ற பிறகு இலையிலிருந்து சொட்டும் சத்தத்தைச் சொன்னார். வரிசை அந்த அம்மாவிடம் வந்தது. வேண்டாம் என்று கையசைப்பார் என்று நினைத்து நான் அடுத்தவரைப் பார்த்தேன்.

“படகு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நாங்கள் வந்த வள்ளம் இதிலும் சின்னன். அதுக்குள்ள பதினெட்டுப் பேர். ஒரு பூனைக்குட்டியும் இருந்தது, ஆருடையது எண்டு தெரியேல்லை” என்றார்.

தம்பி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பூனைக்குட்டியைப் பற்றி அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சிறுமி அவர் முழங்காலைத் தொட்டு, “பாட்டி, அது கரைக்கு வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வந்தது” என்றார்.